போன பல்லுக்குப் பல் வேண்டும்: கோரிக்கைப் பட்டியலில் ஏற்றுவோம்!

அம்பத்தூர், ஒரகடம், ஓசூர், திருப்பூர் என எந்தத் தொழிற்பேட்டைக்குப் போனாலும் கடைவாய்ப் பற்களை இழந்து ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடும் தொழிலாளிகள் இருக்கிறார்கள். ஏன் பல் கட்டவில்லை என்று கேட்டால், அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்கிறார்கள்.

உண்மைதான். தாடை எலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து, எலும்பு அதைப் பற்றிக்கொள்ள மூன்று முதல் ஆறு மாதம் பொறுத்திருந்து, அதன்மேல் கேப் போடுவது இம்பிளான்ட். தனியார் கிளினிக்கில் பொதுவாக ஒரு பல்லுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. 50,000 வரை போவதும் உண்டு. ஒரு பல்லுக்கு ஒரு மாதச் சம்பளம்! தாலிக்கொடியை அடகு வைக்கிறோம், கந்துவட்டிக்கு வாங்குகிறோம், இல்லையென்றால் பல்லே வேண்டாம் என்று விட்டுவிடுகிறோம்.

நாம் காப்பீடு இல்லாதவர்களா? 21,000 ரூபாய் சம்பளக்காரரிடம் ஈ.எஸ்.ஐ.க்கு மாதம் 157.50 ரூபாய் பிடிக்கிறார்கள், நிர்வாகம் 682.50 கட்டுகிறது. சேர்த்தால் ஆண்டுக்கு 10,080 ரூபாய். ஈ.எஸ்.ஐ.யில் பல்லைப் பிடுங்குவார்கள். பிடுங்கிய இடத்தில் பல் வைக்கத்தான் விதி குறுக்கே நிற்கிறது. வேலையில் பட்ட காயத்தால் பல் போயிருந்தால் இலவசப் பல் செட் உண்டு. ஈறு நோயால் போனால் அந்த உரிமை கிடையாது. சம்பளம் கூடியதால் ஈ.எஸ்.ஐ.யை விட்டு வெளியேறிய தோழர்களின் கதையும் இதேதான். கம்பெனி எடுத்துத் தரும் குழுக் காப்பீட்டில், விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தால் தவிர, பல்லுக்குப் பணம் வருவது அரிது.

காத்திருக்க நேரமில்லை, தோழர்களே! பல் போன இடத்தில் எலும்பு கரையத் தொடங்கிவிடுகிறது. முதல் ஆண்டில்தான் மிக அதிகமாகக் கரைகிறது. பக்கத்துப் பல் சாய்கிறது, எதிர்ப்பல் அந்த இடத்தை நோக்கி நகர்கிறது. பிறகு இம்பிளான்ட் வைக்க எலும்பு ஒட்டும் சிகிச்சையும் தேவைப்படலாம், செலவும் ஏறும். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள். மெல்லவே பல் இல்லாதவன் எதை நொறுக்குவான்?

எனவே நம் கோரிக்கைகள்:

1. காரணம் எதுவானாலும், பல் இழந்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஈ.எஸ்.ஐ.யே பல் செட்டோ பிரிட்ஜோ தர வேண்டும். மருத்துவர் அவசியம் என்று எழுதினால் இம்பிளான்ட்டும் தர வேண்டும்.

2. சென்னை, கடலூர், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு ஈ.எஸ்.ஐ. நோயாளிகளை அனுப்பி, அந்தச் செலவை ஈ.எஸ்.ஐ. ஏற்க வேண்டும்.

3. குழுக் காப்பீட்டில் பல் சிகிச்சையைச் சேர்க்க வேண்டும். கூடுதல் பிரீமியம் கட்டினால் சேர்க்க முடியும். அதை நிர்வாகம் கட்டட்டும். அதுவரை வட்டியில்லா மருத்துவ முன்பணம் தந்து, சம்பளத்தில் சிறு தவணைகளாகப் பிடிக்கட்டும்.

இவை கிடைக்கும்வரை யாரும் தனியாகப் போய் ஏமாற வேண்டாம். ஸ்கேன், திருகு, திருகையும் கேப்பையும் சேர்க்கும் இணைப்பு, கேப், எலும்பு ஒட்டுதல் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். விளம்பரத்தில் போடும் விலை பல இடங்களில் திருகுக்கு மட்டும்தான். பிரிட்ஜோ கழற்றி மாட்டும் பல்லோ போதுமா என்று இன்னொரு மருத்துவரிடமும் விசாரியுங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை கிடைக்குமா என்று கேட்காமல் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். புகையிலையை விடுங்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். இல்லையென்றால் வைத்த பல்லும் நிலைக்காமல் போகலாம்.

ஒவ்வொரு ஷாப்பிலும் இரண்டு தோழர்கள் பொறுப்பெடுங்கள். பல் இழந்தோர் பட்டியலையும், சிகிச்சைச் சீட்டு, பில், கடன் ரசீது நகல்களையும் திரட்டுங்கள். வாயிற்கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளைப் பேசுங்கள். அடுத்த ஊதிய ஒப்பந்தக் கோரிக்கைப் பட்டியலில் இவற்றை ஏற்றாமல் கையெழுத்து கூடாது என்று பொதுக்குழுவில் தீர்மானம் போடுங்கள். ஈ.எஸ்.ஐ. கழகத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளும் அமர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு சங்கமும் தன் மத்தியத் தலைமைக்கு எழுதி, அந்தப் பிரதிநிதிகளை அங்கே பேச வைக்கட்டும். பட்டியல் தயாரானதும் எல்லாக் கொடிகளும் ஒன்றாகச் சென்னை ஸ்டெர்லிங் சாலை ஈ.எஸ்.ஐ. மண்டல அலுவலகத்துக்குச் செல்வோம்.

மாதம் தவறாமல் கட்டுகிறோம். கேட்பது சலுகை அல்ல, நம் பணத்துக்கான சிகிச்சை. திரண்டு வாருங்கள் தோழர்களே, வாங்காமல் திரும்ப மாட்டோம்!