காலி டேங்க்னு அசால்ட்டா இருக்காதீங்க பாஸ்!

வீட்டுக்குப் பின்னாடி ஷெட்ல ஒரு பழைய மாருதி 800 தூசி படிஞ்சு நிக்குதா? தாத்தா ஆசையா வாங்கினது, அப்பா ஓட்டினது, அஞ்சாறு வருஷமா யாரும் தொடாதது. செமஸ்டர் லீவு வந்துடுச்சு. 'மச்சி, நாலு பேரு சேர்ந்தா ரெண்டே நாள்ல உசுப்பிடலாம்டா'ன்னு கிளம்பியிருப்பீங்க. சூப்பர்! 1983-லேர்ந்து 2014 வரைக்கும் வந்த வண்டி அது. தெருவுக்குத் தெரு அதைப் பிரிச்சு மேயத் தெரிஞ்ச மெக்கானிக் இருப்பார்.

ஆனா, புது பேட்டரி போட்டு சாவியைத் திருகுறதுக்கு முன்னாடி டேங்க்கைப் பாருங்க. பாதி டேங்க் பெட்ரோலோட நின்ன வண்டியில, ராத்திரி குளிர்ல மேல இருக்கிற காத்தோட ஈரம் தண்ணியா மாறும். தண்ணி பெட்ரோலைவிட கனம், அடியில போய்த் தங்கும். அங்கேதான் துரு ஆரம்பிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல்னா இன்னும் ஈரத்தை இழுக்கும். பெட்ரோலும் கெட்டுப்போய் பிசின் மாதிரி ஒட்டிக்கும். அப்படியே ஸ்டார்ட் பண்ணினா இந்தக் குப்பை மொத்தமும் நேரா கார்புரேட்டருக்குத்தான் போகும்.

ஸோ, டேங்க்கைக் கழுவணும். இந்த வாரம் மேட்டர் அதுதான். கொஞ்சம் சீரியஸ்.

நிறைஞ்சதைவிட காலி டேஞ்சர்

பெட்ரோல் எரியுறது திரவமா இல்லை, ஆவியா. மைனஸ் 40 டிகிரியிலகூட பத்திக்கிற அளவுக்கு ஆவி விடும். நம்ம ஊர் வெயிலைக் கேட்கவே வேணாம். காத்துல ஆவி சுமார் 1.4-லேர்ந்து 7.6 சதவீதம் கலந்திருந்தா ஒரு பொறி போதும். டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தா உள்ளே காத்துக்கு இடமே இல்லை. காலி பண்ணின டேங்க்லதான் ஆவியும் காத்தும் பத்திக்கிற அளவுக்குக் கலந்து 'வா, பத்த வை'ன்னு காத்துக்கிட்டு இருக்கும்.

இன்னொண்ணு, இந்த ஆவி காத்தைவிட மூணு நாலு மடங்கு கனம். மேலே போகாது, தரையோட தவழ்ந்து பள்ளத்துல தேங்கும். பத்தடி தள்ளி இருக்கிற கொசுவத்தி, பூஜை விளக்கு, மோட்டார் சுவிட்ச் எதுவா இருந்தாலும் தேடிப் போய்த் தொடும். அதனால ஷெட்டுக்குள்ளே வேணாம், மெக்கானிக் குழிக்குள்ளே வேணவே வேணாம். வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்து திறந்த வெளியில, பகல் வெளிச்சத்துல நிறுத்துங்க. ஒயர் இழுத்து பல்பு தொங்கவிடுற வேலையும் கூடாது. சிகரெட் பார்ட்டியை அடுத்த தெருவுக்கு அனுப்பிடுங்க.

வாயில உறிஞ்சாதீங்க, ப்ளீஸ்!

நம்ம ஊர்ல பெட்ரோல் எடுக்கிற டெக்னிக் ஒண்ணே ஒண்ணு: டியூபை விட்டு வாயால ஒரு இழு. நானும் காலேஜ் டைம்ல நண்பனோட பைக்குக்காக அப்படி இழுத்தவன்தான். ஒரு மடக்கு உள்ளே போயிடுச்சு. சிரிச்சுக்கிட்டே துப்பினேன். ராத்திரி இருமல் நிக்கலை, மூச்சு வாங்குச்சு. ஆஸ்பத்திரியில ரெண்டு நாள். 'வயித்துக்குப் போனதுகூடப் பரவாயில்லை தம்பி, நுரையீரலுக்குப் போனதுதான் பிரச்னை'ன்னார் டாக்டர். பெட்ரோல் துளி நுரையீரல்ல பட்டா நிமோனியா மாதிரி வீங்கிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். யாராவது குடிச்சிட்டா உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. எடுக்கும்போது மறுபடி நுரையீரலுக்குப் போகும். நேரா ஆஸ்பத்திரி, இல்லேன்னா 108.

பெட்ரோலுக்குன்னே கையால அமுக்குற பம்ப் ஆட்டோமொபைல் கடையில கிடைக்கும், அதை வாங்குங்க. தண்ணி மோட்டார், வாக்குவம் கிளீனர் எதையும் கிட்டவே கொண்டு வராதீங்க. உள்ளே பொறி பறக்கும்.

ஸ்டெப் பை ஸ்டெப்

1. காட்டன் டிரெஸ், கண்ணாடி, பெட்ரோல் தாங்குற நைட்ரைல் கிளவுஸ். பக்கத்துல பவுடர் ஃபயர் எக்ஸ்டிங்விஷர், ரெண்டு வாளி மணல். பெட்ரோல் தீயில தண்ணி ஊத்தினா தீ மிதந்து பரவும். ஞாபகம் இருக்கட்டும்.

2. பேட்டரியோட நெகட்டிவ் ஒயரை முதல்ல கழட்டுங்க. டேங்க் பின்பக்கம் அடியில இருக்கும். அடியில போகணும்னா ஜாக்கி மட்டும் பத்தாது, செங்கல் அடுக்கவும் கூடாது. ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்க.

3. பெட்ரோலை மூடி உள்ள இரும்பு கேன்ல எடுங்க. கேன் தரையில இருக்கட்டும். பிளாஸ்டிக் வாளியும் குடமும் வேணாம், ஸ்டாட்டிக் பொறி ஒண்ணு போதும்.

4. ஹோஸ், ஒயர் எது எங்கே இருந்துச்சுன்னு முன்னாடியே ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு, மொபைலைத் தள்ளி வெச்சிடுங்க. ரெண்டு பேர் தாங்கிப் பிடிச்சு டேங்க்கை இறக்குங்க. பெட்ரோல் அளவு காட்டுற கேஜ் யூனிட்டையும் கழட்டி வெச்சிடுங்க.

5. சோப்புத் தண்ணியை வழிய வழிய நிரப்புங்க. தண்ணி ஏற ஏற ஆவி வெளியே போகும். கொட்டிட்டு மறுபடி. குறைஞ்சது மூணு நாலு தடவை.

6. துருவுக்கு சிட்ரிக் ஆசிட். லிட்டருக்கு 50 கிராம் கணக்கு. டேங்க் நிரம்ப ஊத்தி ஒரு நாள் ஊறட்டும். ஆசிட் இரும்புல பட்டா ஹைட்ரஜன் வரும், அதனால மூடியை இறுக்காதீங்க, வெளியிலேயே வையுங்க. துரு கெட்டியா இருந்தா பாதியைக் கொட்டிட்டு, இருபது நட்டு போட்டுக் குலுக்குங்க. போடும்போது எண்ணுங்க, எடுக்கும்போதும் எண்ணுங்க. பத்தொன்பதுதான் வருதுன்னா இன்னும் குலுக்குங்க!

7. சமையல் சோடா கலந்த தண்ணியால அலசி, அப்புறம் நல்ல தண்ணி. வெயில்ல கவுத்துக் காய வையுங்க. ஹேர் டிரையர் வேணாம். காய்ஞ்ச இரும்பு மறுபடி வேகமா துருப்பிடிக்கும், அதனால உடனே கொஞ்சம் டூ-டி ஆயில் விட்டுச் சுழட்டுங்க.

8. புது ஃபில்டர், புது ஹோஸ், புது கிளாம்ப். 2025-லேயே நம்ம நாட்டுல பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதத்தைத் தொட்டாச்சு. பழைய ரப்பருக்கு அது ஒத்துக்காது, இ20 தாங்கும்னு கேட்டு வாங்குங்க. டேங்க்கை மாட்டி ரெண்டு லிட்டர் ஊத்தி, அரை மணி நேரம் கசிவு பாருங்க. ஒரு சொட்டும் இல்லேன்னா மட்டும் பேட்டரி.

வெல்டிங்? நோ சான்ஸ்!

கழுவின பிறகு அடியில ஓட்டை தெரிஞ்சா? 'வெல்டிங் கடையில ஒரு பொட்டு வெச்சிடலாம்'னு ஒருத்தன் சொல்வான். கேட்காதீங்க. எத்தனை தடவை கழுவினாலும் மடிப்புல ஒட்டின பிசின் சூடு பட்டதும் ஆவியாகும். காலி டிரம்முக்கும் டேங்க்குக்கும் வெல்டிங் வெச்சு உயிர் விட்டவங்க உலகம் பூரா இருக்காங்க. 'நான் நூறு டேங்க் பண்ணியிருக்கேன்'னு சொல்ற அண்ணனுக்கு நூத்தியொண்ணாவது டேங்க் எப்படி இருக்கும்னு தெரியாது. வேற டேங்க் தேடி மாட்டுங்க.

சாக்கடையில கொட்டாதீங்க

பழைய பெட்ரோலையும் முதல் கழுவல் தண்ணியையும் சாக்கடையில ஊத்தினா வேலை முடியாது, அப்போதான் ஆரம்பிக்கும். மெக்சிகோவுல குவாடலஹாரான்னு ஒரு ஊர். 1992 ஏப்ரல் 22. குழாய்லேர்ந்து கசிஞ்ச பெட்ரோல் சாக்கடைக்குள்ளே போய், தெருத்தெருவா வெடிச்சு 200 பேருக்கு மேல செத்தாங்க. உங்க டேங்க்ல அவ்வளவு இல்லைதான். ஆனா மேன்ஹோல்ல ஒரு ஆள் இறங்கியிருந்தா அவருக்கு ரெண்டு லிட்டரே அதிகம். மூடின கேன்ல வெச்சு, கழிவு எண்ணெயை முறையா கொடுக்கிற பெரிய ஒர்க்‌ஷாப்ல ஒப்படைங்க.

கடைசியா ஒண்ணு. வண்டிக்கு வயசு 15 தாண்டியிருக்கும். ஆர்.சி. புதுப்பிக்கணும், இன்ஷூரன்ஸ் எடுக்கணும். இல்லேன்னா முதல் சிக்னல்லயே ட்ரிப் முடிஞ்சிடும்.

திறந்த இடம் இல்லை, கூட ஒரு பெரியவர் இல்லைன்னா, டேங்க்கைத் தொடாம மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. அதுல ஒண்ணும் கெத்து குறையாது. தாத்தாவோட கார்ல ஒரு ரவுண்டு போகணும்னா, ஓட்டுறதுக்கு நீங்க முழுசா இருக்கணும்ல பாஸ்!