அணி வேறு, உள்ளுறை வேறு

செய்யுள் ஒன்றை மாணாக்கன்முன் வைத்து இதன் நயம் கூறுக என்றால், அவன் அதனைப் படிப்பதில்லை, துழாவுகின்றான். முதலெழுத்து ஒன்றிய சொற்களின்கீழ்க் கோடிட்டு மோனை என்கின்றான். இரண்டாமெழுத்து ஒன்றியவற்றின்கீழ்க் கோடிட்டு எதுகை என்கின்றான். 'போல' என்னும் உருபு கண்ணிற் பட்டுவிட்டால் உவமையணி என்றெழுதி மூச்சு விடுகின்றான். காட்டையும் யானையையும் மோனையோடு முடிச்சிட்ட தொடரொன்று தலைமுறை தலைமுறையாக விடைத்தாள்களில் உலா வருகின்றது. முப்பது ஆண்டுகளாக அதனைத் திருத்தித் திருத்தி என் எழுதுகோல்தான் தேய்ந்தது, தொடர் தேயவில்லை.

மாணாக்கனை நொந்து பயனில்லை. நாம் அவன் கையிற் கொடுத்த கருவி அத்தகையது. அக்கருவி எங்கிருந்து வந்தது, அது நம் பாட்டை அளக்க வல்லதா என்பதே இங்கு வினா.

அகநானூற்றின் 46-ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். அள்ளூர் நன்முல்லையார் பாடியது. பரத்தையிடம் சென்று மீண்ட தலைவன் வாயிலில் நிற்கின்றான். தோழி வாயில் மறுக்கின்றாள். சினந்து பேசவில்லை, அவனூரைச் சொல்லித்தான் தொடங்குகின்றாள். சேற்றில் நின்று சலித்த எருமையொன்று, ஊர் உறங்கும் இருட்பொழுதில், கட்டிய வன்கயிற்றை அறுத்துக்கொண்டு, முள்வேலியைக் கொம்பால் நீக்கிப் பொய்கையில் இறங்குகின்றது. மீன்கள் வெருண்டோடுகின்றன; வள்ளைக்கொடி சிதைகின்றது. வண்டு மொய்த்த தாமரையை அது மேய்கின்றது. அத்தகைய ஊரை உடையவனே, நீ போவதானால் போ, உன்னைத் தடுப்பார் யார் என்று முடிக்கின்றாள்.

கயிறு எது, வேலி எது, தாமரை எது என்று அவள் சொல்லவில்லை. வாயிலில் நிற்பவனுக்குத் தெரியும். உள்ளே கதவருகிலிருந்து கேட்பவளுக்கும் தெரியும்.

சில ஆண்டுகளுக்குமுன் ஒரு தேர்வில் இப்பாட்டின் பகுதியைக் கொடுத்து, பயின்றுவரும் அணி யாது என்று வினவியிருந்தனர். என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, இது அணியன்று, உள்ளுறை என்று எழுதினாள். எருமை தலைவன், அறுந்த கயிறு அவன் நாண், வேலி ஊரார் பழிக்கு அஞ்சும் அச்சம். இவ்வளவும் எழுதிவிட்டு, மீன்கள் யாதொரு பிழையும் செய்யாமலே ஓடவேண்டியதாயிற்று என்றும் ஒருவரி சேர்த்திருந்தாள். அவ்வொரு வரிக்காகவே அவளுக்கு முழு மதிப்பெண் ஈந்திருப்பேன். கிடைத்ததோ சுழி. விடைக்குறிப்பில் தன்மையணி என்றிருந்ததாம்.

ஒரு பொருளை உள்ளவாறே புனைந்துரைப்பது தன்மையணி. தண்டியலங்காரத்தின் 35 பொருளணிகளுள் முதலாவது அது. அக்கண் கொண்டு நோக்கின், விடைக்குறிப்பு எழுதியவர்மீது பிழையில்லை. எருமை செய்வதை எருமை செய்தவாறே பாட்டுக் கூறுகின்றது. தொல்காப்பியக் கண் கொண்டு நோக்கினால்தான் அது ஒரு பெண் ஓர் ஆண்மகன்மேல் வைத்த குற்றச்சாட்டாகின்றது. ஒரே பாட்டு, ஒரே எருமை. கண் மாறியதால் குற்றவாளி தப்பிவிட்டான்.

தண்டியலங்காரம் வடமொழியிலமைந்த காவியாதரிசத்தைத் தழுவியது. அவ்வடநூலாரும் காஞ்சியில் வாழ்ந்தவரே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை; அஃதிருக்கட்டும். அந்நெறியில் அணி என்பது பூண். மேனி முன்னரே உண்டு. பூண் பின்னர் ஏறும். தொல்காப்பியர் அவ்வாறு கொள்ளவில்லை. உவமைக்கென ஓர் இயலே வகுத்து, வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடியாக அது பிறக்குமென்றார். ஆனால் உள்ளுறையை அவர் அறிமுகப்படுத்தும் இடம் அகத்திணையியல். நிலமும் பொழுதும் கருவும் காதலும் பேசப்படும் இடத்திலேயே உள்ளுறையும் பேசப்படுகின்றது. தெய்வம் ஒழிந்த கருப்பொருளே அதற்கு நிலைக்களன். விலங்கும் மரமும் மீனும் பூவும் அவ்வந்நிலத்து மாந்தரின் வாழ்வோடு ஒட்டியவை. ஆதலின் அவற்றைக் கூறுவதே மாந்தரைக் கூறுவதாகின்றது. பூணைக் கழற்றலாம், இதனைக் கழற்ற முடியாது. எருமையை எடுத்துவிட்டால் தோழிக்குப் பேச்சே இல்லை.

இன்னொரு நுட்பமும் காண்க. தலைவி உள்ளுறை கூறுவாளாயின் அவள் அறிந்த பொருளைக் கொண்டே கூறவேண்டும். தோழி கூறின் அந்நிலத்துப் பொருளைக் கடத்தலாகாது என்கின்றது உவமவியல். கூறுவோரின் அறிவெல்லைக்குள் ஒப்புமை அடங்கவேண்டும் என்னும் இதனை இன்றைய கதைத் திறனாய்வாளர் நோக்குநிலை என்று பெயரிட்டு மேலையார் கண்டதாக எழுதுகின்றனர்.

அணியைத் தனியே பிரித்து நூல் செய்தோரைப் பேராசிரியர் அன்றே கடிந்தார். உவமவியல் உரையின் இறுதியில், தொல்காப்பியம் கூறியவற்றுட் சிலவற்றை வாங்கிக்கொண்டு அவையே செய்யுட்கு அணியென்று தம் காலத்தார் சிலர் நூல் செய்தனர் என்று சுட்டி மறுக்கின்றார். அவ்வுரையைப் படித்துத் தேர்வெழுதிப் பட்டம் பெற்ற நாமே வகுப்பறைக்குள் நுழைந்ததும் அதனை மறந்துவிடுகின்றோம்.

நம்மவரிடமும் ஒரு குறை உண்டு, ஒளிப்பானேன்? சொல்லை மாற்றினாற் போதும் என்றிருக்கின்றோம். சிலேடையை இரட்டுற மொழிதல் ஆக்கினோம். தீவகத்தை விளக்கணி என்றோம். வேண்டுவனவே. அவநுதி, விபாவனை, நிதரிசனம், சங்கீரணம் எனத் தண்டியலங்காரத்தில் 15-க்குக் குறையாத அணிகள் இன்னும் வடசொற் பெயரோடு நிற்கின்றன, அவற்றையும் மாற்றுவோம். ஆயினும் பெயரைத் தமிழாக்கும் பணியில் தமிழ்த் தண்டியாசிரியரே நமக்கு முன்னோடி என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். தற்குறிப்பேற்றம், வேற்றுப்பொருள் வைப்பு ஆகியவை அந்நூல் வழங்கும் அருமையான சொற்கள். மதுரை மதிற்கொடிகள் கோவலனை வாரற்க எனக் கைகாட்டியதாக இளங்கோவடிகள் பாடியதை விளக்கத் தற்குறிப்பேற்றத்தினும் பொருந்திய சொல் யான் அறியேன். பெயர் தமிழாயிற்று, நோக்கு ஆகவில்லை. தற்குறிப்பேற்றம் என்று தூய தமிழில் எழுதும் மாணாக்கனும் எருமையைக் கண்டால் தன்மையணி என்றுதான் எழுதுகின்றான். 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய பணியைச் சொல்லளவில் நிறுத்திவிட்டால், அயலார் அளவுகோலுக்குத் தமிழ்ப்பெயர் பொறித்ததாகவே முடியும்.

உருவகம் என்னும் சொல் எம்மொழியது என்னும் வழக்கு வேறு நடந்துகொண்டிருக்கின்றது. நடக்கட்டும், பத்தாம் வகுப்பு மாணாக்கன் தலையில் அதனை ஏற்றவேண்டா.

மறுபுறம் ஆங்கில வகுப்பு. அங்கே அதே பிள்ளை சிமிலி, மெட்டபர் என்று ஒப்பிக்கின்றான்; தமிழ் வகுப்பில் உவமை, உருவகம் என்கின்றான். ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பு என்றே நினைத்துக்கொள்கின்றான். உள்ளுறைக்கும் இறைச்சிக்கும் அவ்வாங்கிலப் பட்டியலில் நேர்சொல் இல்லை. எனவே அவை இல்லாதவையாகிவிட்டன. ஆனால் ஏ.கே. இராமானுசன் குறுந்தொகைப் பாட்டுகளை ஆங்கிலத்திற் பெயர்த்து 1967-இல் வெளியிட்ட நூல்வழி, அமெரிக்கக் கல்லூரி மாணாக்கர் உள்ளுறையைப் பற்றிப் படிக்கின்றனர். நம் பிள்ளைகள் யானையை மோனையோடு கட்டிக்கொண்டிருக்கின்றனர்.

உள்ளுறை கடினம், சிறுவர்க்கு விளங்காது என்பர் சிலர். யான் வகுப்பில் ஒரு வினா கேட்பேன்: உங்கள் வீட்டில் மருமகள் காதுபட மாமியார் கோழியைத் திட்டியதுண்டா? வகுப்பு முழுதும் சிரிக்கும். 'ஊரெல்லாம் மேய்ந்துவிட்டு இப்பொழுதுதான் வீடு தெரிந்ததோ' என்று கோழியைக் கேட்டால், அடுக்களையில் யார் முகம் சிவக்குமென்று பன்னிரண்டு அகவைச் சிறுமிக்கும் தெரியும். சாடைப்பேச்சு அறியாத சிற்றூர் நம் நாட்டில் இல்லை. அதன்பின் அகநானூற்று எருமையை வகுப்பிற்குள் ஓட்டிவந்தால் எவர்க்கும் உரை வேண்டியதில்லை.

பாடநூற் குழுவினர்க்கு வேண்டுகோள் இரண்டு. அணியிலக்கணம் கற்பிக்கும் முன்பே உள்ளுறையும் இறைச்சியும் எளிய பாட்டுகளோடு கற்பிக்கப்படல் வேண்டும். அகப்பாட்டைக் கொடுக்கும் வினாத்தாளில் அணி யாது என்று கேளாமல், யார், யார் கேட்க, எதற்காக இதனைச் சொன்னார் என்று கேட்டல் வேண்டும். விடைக்குறிப்பு எழுதுவது சற்றுக் கடினமாகும். திருத்துவது அதனினும் கடினமாகும்.

அதுவரை என் வகுப்புத் தேர்வுகளில் எருமைக்குத் தன்மையணி என்று எழுதுவோர்க்கு ஒரு மதிப்பெண். உள்ளுறை என்றெழுதி விளக்குவோர்க்கு ஐந்து. மீன்களை நினைத்துப் பார்த்தவர்க்கு இன்னும் ஒன்று.