தினப்படிக்கு ஒரு கறுப்பு மை



போன இதழில் கையெழுத்தைப் பற்றிய கட்டுரை வந்தாலும் வந்தது, தபாலில் பாதிக்கு மேல் மையைப் பற்றிய கேள்விகள்தான். பேனாவைப் பற்றிக் கேட்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தோம். ஆனால் பேனா எல்லோரிடமும் இருக்கிறது போலிருக்கிறது. அப்பா வைத்திருந்த பேனா, ரிட்டயர்மென்ட் அன்று அலுவலகத்தில் கொடுத்த பேனா, திருவள்ளூரில் சொல்லிச் செய்வித்த எபோனைட் பேனா. இல்லாதது, அதில் ஊற்ற நம்பகமான ஒரு கறுப்பு மை. சிவகங்கையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ரத்தினச் சுருக்கமாகக் கேட்டிருக்கிறார்: “தினமும் நாலு பக்கம் எழுதுகிறேன். நீலம் அலுத்துவிட்டது. மூடியைத் திறந்தால் எழுத வேண்டும், கையில் ஒட்டக் கூடாது, சாம்பலாகத் தெரியக் கூடாது. எதை வாங்கட்டும்?”

இந்த மாதப் பக்கத்தை அவருக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

டீச்சர், நீங்கள் கேட்ட மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போடுகிறவை. மைப்புட்டியில் இருப்பதில் பெரும்பங்கு தண்ணீர். அதில் கரைந்த சாயம், நிப்பில் சீக்கிரம் காயாமல் இருக்க கிளிசரின் போன்ற ஏதோ ஒன்று, சீராக ஓடுவதற்கு ஒரு சேர்மானம், பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு மருந்து. அவ்வளவுதான். நீல மைக்குக் கொஞ்சம் சாயம் போதும். வெளுத்தாலும் அது நீலம்தான். கறுப்பு அப்படியல்ல. மேலே விழுகிற வெளிச்சத்தையெல்லாம் விழுங்கினால்தான் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும். அதனால் சாயம் நிறையப் போட வேண்டும், பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட சாயங்களைக் கலந்தும் போட வேண்டும். சாயம் கூடினால் நிப்பின் நுனியில் படிந்து காயும், எழுதிய பிறகும் விரலில் ஒட்டும். குறைத்தால் ஓட்டம் சுகமாக இருக்கும், எழுத்து சாம்பல் பூத்துப் போகும். எந்தக் கம்பெனியானாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில்தான் நிற்க முடியும். நம் பேனாவுக்கும் தாளுக்கும் யார் நிற்கிற இடம் ஒத்துவருகிறது என்பதே கேள்வி.

கறுப்புக்குள் என்னென்ன இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். வெள்ளை டிஷ்யூ தாளில் ஒரு சொட்டு மை வைத்து, அது ஊறியதும் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பார்க்கர் குவிங்க் கறுப்பில் இதைச் செய்தால் நீலமும் பழுப்பு மஞ்சளும் தனித்தனியாகப் பிரிந்து விரியும். பேரப் பிள்ளைகள் இருந்தால் ஒரு மத்தியானம் போவதே தெரியாது. கறுப்பில் எழுதிய தாள் நனைந்தால் ஓரங்களில் எங்கிருந்தோ நீலம் கசிகிறதே, அதன் ரகசியமும் இதுதான்.

குவிங்க் என்றதும் ஒரு பழைய கதை. பார்க்கர் கம்பெனி 1931-இல் இந்த மையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில்தான் மும்பையில் தண்டேகர் குடும்பத்தார் குதிரை மார்க் மைப்பொடி விற்கத் தொடங்கினார்கள்; பள்ளிக்கூடத்தில் நாம் பார்த்த கேமல் மைப்புட்டி அந்த வழியில் வந்ததுதான். மூன்று வருஷம் கழித்து வங்காளத்தில் சுதேசி மையாக சுலேகா பிறந்தது. நான் சொல்ல வந்த கதை இவற்றைப் பற்றியதல்ல. பார்க்கர் 1941-இல் ‘51’ என்ற பேனாவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, எழுதும்போதே காய்ந்துவிடும் ஒரு மையையும் கூடவே கொண்டுவந்தார்கள். உறிஞ்சுதாளே வேண்டாம். ஆனால் அந்த வேகத்துக்காக மையில் காரத்தன்மையை ஏற்றியிருந்தார்கள். வேறு பேனாவில் ஊற்றினால் அதன் உள்பாகங்களை அரித்துவிடும் என்பதால், 51-இல் மட்டும் பயன்படுத்தவும் என்று புட்டியிலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டியிருந்தது. ‘உடனே காயும்’ என்று எந்த மையாவது பெருமை பேசினால் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும். கையில் ஒட்டாத மை வேண்டுமென்றால் கொஞ்சம் மெல்லிய நிப்பில் எழுதுவது எளிய வழி. மை குறைவாக இறங்கும், தானாகச் சீக்கிரம் காயும்.

நம்பகம் என்பதற்கு என் கணக்கு ஒன்றுதான். ராத்திரி எழுதி முடித்து மூடி வைத்த பேனா, காலையில் உதறாமல், ஓரத்தில் கிறுக்கிப் பார்க்காமல், முதல் எழுத்தின் முதல் கோட்டிலேயே எழுத வேண்டும். அடுத்தது, வரியின் நடுவில் தொலைபேசி அடிக்கிறது. மூடாமல் வைத்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே ஐந்து நிமிஷம் பேசுகிறோம். திரும்பி வந்தால் ‘அ’வின் சுழி விழ வேண்டும், வெறும் கீறல் விழக் கூடாது. சித்திரை வைகாசியில் இதில் தேறுகிற கறுப்பு, மற்ற மாதங்களில் தொந்தரவு தராது. விமர்சகர்கள் வெளிநாட்டு மைகளைப் பற்றி ஆஹா ஓஹோ என்று எழுதுவதெல்லாம் பெரும்பாலும் குளிர் நாட்டு அறையில், வழுவழுப்பான தாளில், விலையுயர்ந்த பேனாவில் எழுதிப் பார்த்தது. நம் மேஜை வேறு.

கடையில் சுலபமாகக் கிடைப்பவற்றில் கேமல், பிரில், குவிங்க் மூன்றுமே தினப்படி வேலைக்குப் போதும். சாதாரணச் சாய மைகள். காய்ந்துபோனாலும் தண்ணீரில் ஊற வைத்தால் கரைந்து வந்துவிடும். பேனாவைக் கெடுக்காத மை என்பதில் இதைவிடப் பெரிய தகுதி எனக்குத் தெரியவில்லை. ஜெர்மனியின் பெலிக்கான் 4001 கறுப்பு கொஞ்சம் வறண்டு ஓடும் ரகம். வறண்டு என்றால் குறையாக எண்ண வேண்டாம், அளவாக இறங்கும். தாராளமாக மை கொட்டுகிற பேனா இருந்தால், குறிப்பாக நம்மூர்க் கடைசல் எபோனைட் பேனாக்களுக்கு, அதை நான் சிபாரிசு செய்வேன். நிப்பே வறட்சியாக இருக்கிற பேனாவில் அதையே ஊற்றினால் எழுத்து இளைத்துவிடும்; அங்கே குவிங்க் நன்றாகப் போகும். எது சிறந்தது என்று ஒற்றை வரியில் சொல்லச் சொன்னால், உங்கள் பேனாவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.

ஃபில்லர் வைத்து நேராகக் கழுத்து வழியாக ஊற்றுகிற பேனாவா உங்களுடையது? அப்படியானால் மையைத் திட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். பேனாவில் மை கால்வாசிக்கு இறங்கியதும் மீதி இடத்தை நிரப்புவது காற்று. நம் கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளும்; நிப்புக்கு அடியில் இருக்கிற நாக்கு தாங்குகிற மட்டும் தாங்கும், பிறகு நல்ல தாளில் பட்டென்று ஒரு பெரிய சொட்டு விழும். கறுப்பில் அது அசிங்கமாகத் தெரிவதால் பழி கறுப்பின் மேல் வந்துவிடுகிறது. பாதி தீர்ந்ததுமே நிரப்பிவிட்டால் பிரச்சினை இல்லை.

தாளைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். மலிவான நோட்டுகளில் தாள் மெலிசு, மையை மேலேயே நிறுத்தி வைக்கும் பூச்சும் குறைவு. மை நார் வழியாக ஊறி எழுத்துக்கெல்லாம் மீசை முளைக்கும். எத்தனை உயர்ந்த மை வாங்கினாலும் இது தீராது. கரூர் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து செய்கிற டிஎன்பிஎல் தாளில், ஜெராக்ஸுக்கு விற்கிற ரகத்திலேயே, 75 அல்லது 80 ஜிஎஸ்எம் வாங்கிப் பாருங்கள். மைப்பேனாவுக்கு அது நன்றாகவே ஒத்துழைக்கிறது. எங்கள் அலுவலகத்தில் கட்டுரைகளைக் கையால் எழுதுகிறவர்கள் எல்லோரும் அதில்தான் எழுதுகிறோம்.

இனி அழியாத மை. “தண்ணீர் பட்டாலும் நிற்க வேண்டும்” என்று கேட்டவர்களும் உண்டு. இங்கே நிதானம் தேவை. சாய மை நிற்காது. ஐப்பசி மழையில் நனைந்து வருகிற கடிதங்களைப் பிரிக்கிற எனக்கு இது நன்றாகத் தெரியும். நிற்கிற மைகளில் இரண்டு வழி உண்டு. ஒன்று நம் பாட்டன் காலத்து வழி: கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்தால் தாளிலேயே கறுத்து இறுகும். ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தில் பூச்சி உண்டாக்குகிற காய் போன்ற வீக்கங்களைப் பயன்படுத்தினார்கள். இங்கிலாந்தில் பிறப்பு, திருமணப் பதிவேடுகளுக்கு இந்த வகை மைதான் வழக்கமாக இருந்தது. எழுதும்போது வெளிறிய நீலமாக இருந்து, காற்றுப் பட்டுப் போகப்போகக் கறுக்கும். அமில மை என்பதால் எஃகு நிப்பில் வாரக்கணக்கில் விட்டு வைக்கக் கூடாது.

இரண்டாவது, கரி. எழுத்தாணியால் ஓலையில் கீறி, அதன் மேல் விளக்குக் கரியைத் தடவித் துடைத்தார்களே, அதே கரிதான். கரி சாயமல்ல, நுண்ணிய துகள். தண்ணீரில் கரையாது, வெயிலில் வெளுக்காது. ஜப்பானில் பிளாட்டினம் கம்பெனியின் கார்பன் பிளாக், செய்லர் கம்பெனியின் கிவாகுரோ இரண்டும் மைப்பேனாவுக்கென்றே துகளை மிக நுண்ணியதாக்கிச் செய்தவை. அசல் கறுப்பு என்றால் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் பேனாவுக்குள் காய்ந்துவிட்டால் சாய மை போலக் கழுவினதும் போகாது. தினமும் எழுதுகிறவர் தாராளமாக ஊற்றலாம். பண்டிகைக்குப் பண்டிகை பேனாவை எடுப்பவர் வேண்டாம். இன்னொன்று, படம் வரைய விற்கிற ‘இந்தியன் இங்க்’கைக் கறுப்பாக இருக்கிறதே என்று பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். அதில் அரக்கு இருக்கும். உள்ளே இறுகினால் பேனாவை மறந்துவிட வேண்டியதுதான்.

என் யோசனை கேட்டால், தினப்படி எழுத்துக்குச் சாய மை போதும். பத்திரம், உயில், வங்கி வேலைக்கு மட்டும் வேறு பேனா. வங்கி என்றதும் ஞாபகம் வருகிறது: காசோலையில் கறுப்பு மையால் எழுதக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடை போட்டுவிட்டதாக 2025 தொடக்கத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. அது பொய் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே மறுத்தது. இந்த நிறத்தில்தான் எழுத வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எதையும் குறிப்பிடவில்லை. அந்தப் பொய்ச் செய்தியைக் கேட்டுக் கறுப்பு மையை ஒதுக்கி வைத்த வாசகர்கள் மறுபடியும் புட்டியைத் திறக்கலாம்.

பராமரிப்பில் நான் வலியுறுத்துவது சிலதுதான். ஒரு கம்பெனியின் கறுப்பு தீர்ந்தால் அதன் மேலேயே வேறு கம்பெனி கறுப்பை ஊற்றாதீர்கள். ஒன்று அமிலமாகவும் மற்றது காரமாகவும் இருந்தால் வண்டல் கட்டி நாக்கை அடைக்கும். பேனாவைக் கழுவ போர் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு உள்ளே படியும்; ஆர்ஓ தண்ணீர் நல்லது. கழுவின தண்ணீர் நிறமில்லாமல் வருகிற வரை கழுவுங்கள், கறுப்பு கடைசி வரை விடாது. பேனாவில் மிஞ்சிய மையைப் புட்டியில் திருப்பி ஊற்றாதீர்கள். புட்டிக்குள் நூல் நூலாகவோ ஆடை போலவோ ஏதாவது மிதந்தால் அது பூஞ்சை. வடிகட்டிப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது, சாக்கடையில் கொட்டிவிட்டுப் புதுப் புட்டி வாங்குங்கள். பெரிய புட்டியாக வாங்கினால் லாபம் என்று தோன்றும், தினமும் நாலு பக்கம் எழுதும் டீச்சருக்கு அது சரி. மற்றவர்களுக்குச் சின்னப் புட்டியே மேல்.

டீச்சருக்கு முடிவாக: முதலில் ஒரு சின்னப் புட்டி குவிங்க் கறுப்பு வாங்குங்கள். உங்கள் பேனா அதைக் கொட்டுகிறது, தாளில் ஊறுகிறது என்றால் பெலிக்கானுக்கு மாறுங்கள். அதிலும் திருப்தி இல்லையென்றால் மையை விட்டுவிட்டு நோட்டை மாற்றுங்கள். எப்படிப் போகிறது என்று எழுதுங்கள். கடிதத்தை எந்த மையில் வேண்டுமானாலும் எழுதலாம். உறையின் மேல் முகவரியை மட்டும் பால்பாயின்ட் பேனாவில் எழுதிவிடுங்கள். மழைக்காலம், எங்கள் தபால்காரர் சைக்கிளில் வருகிறவர்.

அன்புடன்,
ஆசிரியர்