கொடுக்கும் கைகளே கணக்கையும் எழுதட்டும்

சென்னை அடையாறில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலையை அரசாங்கம் தொடங்கவில்லை. பெரும் செல்வந்தர் எவரும் தொடங்கவில்லை. ஒரு மாதர் சங்கமே தொடங்கியது.

டொக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் சகோதரி 1923இல் புற்றுநோயால் இறந்தார். அந்த நோய்க்கெனத் தனி வைத்தியசாலை வேண்டும் என்ற எண்ணம் அதன் பின் அவரை விடவேயில்லை. அவர் சார்ந்திருந்த இந்திய மாதர் சங்கம் 1949இல் புற்றுநோய் நிவாரண நிதியை ஆரம்பித்து மக்களிடம் நன்கொடை திரட்டியது. 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 கட்டில்களுடன் வைத்தியசாலை திறக்கப்பட்டது.

அந்தச் சங்கம் 1917இலேயே உருவானது. நிதி சேர்க்கப் புறப்பட்டபோது அதற்கு 32 வயது. பல ஊர்களில் கிளைகள் இருந்தன. கூடிப் பேசவும் தீர்மானம் எடுக்கவும் அந்தப் பெண்கள் நன்கு பழகியிருந்தார்கள். அந்தப் பழக்கம்தான் ஆசையைக் கட்டடமாக்கியது என்பது என் கருத்து.

கண்டியிலும், அக்குறணை, மடவளை போன்ற சுற்றூர்களிலும் கொடுப்பதற்குக் குறைவில்லை. நோன்பு வந்தால் உலர் உணவுப் பொதிகள் வீடு வீடாகப் போகின்றன. நம் உம்மாமார் கைச்செலவில் மிச்சம் பிடித்ததையும், சில வேளை காதிலுள்ளதையும் கழற்றிக் கொடுக்கிறார்கள். ஆனால் அது எதற்குப் போக வேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்தில் பெரும்பாலும் அவர்கள் இருப்பதில்லை. கொடுப்பது பெண்கள், தீர்மானிப்பது வேறு யாரோ.

"நம் நாட்டில் வைத்தியம் இலவசம்தானே, நிதி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டதை நாம் மறந்துவிடக் கூடாது. சாதாரண காலத்திலும் பஸ் செலவு, வெளியே செய்யும் பரிசோதனை, துணைக்கு நிற்பவரின் சாப்பாடு என்று ஏழை நோயாளிக்குச் செலவு இருந்துகொண்டே இருக்கிறது.

"பெண்களுக்கு இது ஏன்?" என்போருக்கு நம் வரலாறே பதில். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஃத் இப்னு முஆத் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் அனுப்பியது ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரத்துக்குத்தான்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தாய்மாரும் பழைய மாணவிகளும் மூத்த மாணவிகளும் சேர்ந்து நிரந்தரமான நோயாளர் நிதியொன்றை ஆரம்பிப்போம். மாதம் 100 ரூபாய் போதும். வைத்தியசாலையிடம் தேவையைக் கேட்ட பிறகே வாங்குவோம். இனம், மதம் பாராமல் கொடுப்போம். ஒவ்வொரு தவணையும் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வைப்போம்.

வாப்பாமாரே, உங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கியல் படிப்பிக்கக் காசு செலவழிக்கிறீர்கள். ஊரின் கணக்குப் புத்தகம் ஒன்றையும் எங்களை நம்பித் தாருங்கள்.