பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றோம்

மெட்டி போட்ட கால்விரல்கள் நீலம் பாரித்திருந்தன. கைவிரல்களோ நல்ல நிறமாக, வளையலும் மருதாணியுமாக இருந்தன. ஆலங்குடிப் பக்கம் ஒரு வளைகாப்பு வீட்டில், என்னிடம் படித்த பெண்ணுக்குச் சந்தனம் பூசக் குனிந்தபோது இதைப் பார்த்தேன். நெடுநேரம் ஒரே இருப்பாக இருந்ததில் கால் மரத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, பூசிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்தேன். இரண்டு மாதத்தில் அவளுக்குப் பிரசவம் ஆனது. குழந்தை பிழைத்தது. பத்தாம் நாள் அவள் போய்விட்டாள்.

அந்த நீலத்துக்கு என்ன பொருள் என்று துக்கம் கேட்கப் போனபோதுதான் தெரிந்துகொண்டேன். கருவில் இருக்கும் பிள்ளை மூச்சு விடுவதில்லை. அதனால் நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தை ஒரு சின்னக் குழாய் மகாதமனிக்குத் திருப்பிவிடுகிறது. பிறந்த சில நாளில் அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் பெரிதாக நின்றுவிட்டால் மகாதமனியிலிருந்து நுரையீரலுக்கு அளவுக்கு மீறி ரத்தம் பாயும். வருஷக்கணக்கில் அப்படிப் பாய்ந்தால் அங்குள்ள ரத்தக்குழாய்கள் தடித்து இறுகிவிடும். ஒரு கட்டத்தில் ஓட்டமே திசை திரும்பும். சுத்தம் செய்யப்படாத ரத்தம் உடம்பின் கீழ்ப்பாதிக்கு இறங்கும். கை சிவந்திருக்கும், கால் நீலமாகும். அதற்குப் பிறகு குழாயை மூட முடியாது. பிள்ளை சுமப்பது உயிருக்கே ஆபத்து.

அவள் ஏழாம் வகுப்பில் என்னிடம் இருந்தாள். 1991இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியபோது ஓட்டக் கற்றுக்கொண்டவர்களில் அவளுடைய அம்மாவும் ஒருவர். மகளோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் பள்ளிக்கு வருவாள். கேட்டால் மூச்சு வாங்குது டீச்சர் என்பாள். விளையாட்டுப் பீரியடில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். மாதம் ஒரு முறை சளி, காய்ச்சல், லீவு. வருகைப் பதிவேட்டில் அத்தனை ஆப்சென்ட் போட்டவள் நான். ஏன் என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை. சோம்பல் என்று வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன்.

பள்ளிக்கு வந்த மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை மற்றப் பிள்ளைகளைவிட நெடுநேரம் அவள் நெஞ்சில் வைத்துக் கேட்டார். எக்கோ எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு அவளுடைய கணக்கு நோட்டில் நாலாக மடித்தபடி அந்த வருஷம் முழுக்க இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“பாத்துக்கலாம் டீச்சர். நல்லாத்தானே ஓடியாடிக்கிட்டு இருக்கா. பொம்பளப் புள்ள நெஞ்சுல கத்தி வச்சா நாளைக்கு எவன் கட்டிக்குவான்?”

நான் பதில் பேசவில்லை. அது நியாயமான கவலை என்றே எனக்கும் பட்டது. அதே வீட்டில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் அன்றிரவே திருச்சிக்கு வண்டி பிடிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தாயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு வாய் இல்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் அந்தச் சீட்டை மடித்து வைத்தோம்.

பிறவி இருதயக் குறைபாடு ஆணையும் பெண்ணையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. பெருந்தமனிகள் இடம் மாறிப் பிறப்பது, மகாதமனி சுருங்கியிருப்பது, மகாதமனி வால்வு அடைபட்டிருப்பது போன்றவை ஆண் பிள்ளைகளிடம் அதிகம். இவற்றில் கடுமையானவை பிறந்த சில நாளிலேயே குழந்தையை நீலமாக்கி, மயங்க வைத்து, ஊரையே ஓட வைத்துவிடும். என் மாணவிக்கு இருந்த மூடாத குழாய் பெண் பிள்ளைகளிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம். இருதயத்தின் மேலறைகளுக்கு நடுச்சுவரில் விழும் ஓட்டையும் அப்படியே. இவை பெரும்பாலும் சத்தம் போடாத குறைகள். பிள்ளை கொஞ்சம் மெலிந்திருக்கும், கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்ல இடம் கொடுக்கிற குறைகள். பெண் பிள்ளை விஷயத்தில் அந்தச் சொல் நம் நாக்கு நுனியிலேயே இருக்கிறது. உடற்கூறு கொடுத்த அவகாசத்தை நாம் தட்டிக்கழிப்பதற்குப் பயன்படுத்திக்கொண்டோம்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. இருதய அறுவை சிகிச்சை தேவை என்று சொல்லப்பட்ட, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட 405 குழந்தைகளை டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஒரு வருஷம் கழித்து விசாரித்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆண் குழந்தைகள் 271 பேரில் 189 பேருக்குச் சிகிச்சை முடிந்திருந்தது. நூற்றுக்கு எழுபது. பெண் குழந்தைகள் 134 பேரில் 59 பேருக்குத்தான். நூற்றுக்கு நாற்பத்து நான்கு. மருத்துவமனை வாசல்வரை வந்த பெண் குழந்தைகளே மூன்றில் ஒரு பங்குதான் என்பதையும் கவனியுங்கள்.

காசு இல்லை என்று நாம் சொல்வோம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் மருத்துவக் குழுவே வண்டியில் வருகிறது. ஆடி பிறந்தால் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு எங்கும் மொய் விருந்துப் பந்தல் போடுகிறோம். வீடு கட்ட, கடை வைக்க, கிணறு வெட்ட லட்சக்கணக்கில் மொய் எழுதுகிறோம். ஒரு பெண் பிள்ளையை வைத்தியத்துக்குக் கூட்டிப்போகும் பஸ் செலவும், கூட இருப்பவர் இழக்கும் நாலு நாள் கூலியும் நமக்குப் பெரிதாகத் தெரிந்தன என்றால், குறை கையில் இல்லை, மனதில்தான்.

தழும்பு விழும் என்று சொன்னோம். மூடாத குழாயையும் நடுச்சுவர் ஓட்டையையும் பல குழந்தைகளுக்கு நெஞ்சைத் திறக்காமலே, தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் செலுத்தி அடைத்துவிடுகிறார்கள். அப்படி முடியுமா என்று கேட்கக்கூட நாங்கள் யாரும் போகவில்லை. தழும்பே விழுந்தாலும்தான் என்ன? உயிரோடு இருக்கும் பெண்ணுக்குத்தானே தழும்பு.

பிள்ளை குறையோடு பிறந்தால் தாயைத்தான் ஏசுகிறோம். கிரகணத்தில் வெளியே வந்தாள், கண்டதைத் தின்றாள் என்கிறோம். தலைமுறை தலைமுறையாக ரத்த உறவில் பெண் எடுத்துப் பெண் கொடுத்ததைப் பற்றிப் பேசமாட்டோம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா அம்மை கண்டால் பிள்ளையின் இருதயம் பாதிக்கப்படலாம், தடுப்பூசியால் அதைத் தடுக்கலாம் என்பதை ஊருக்குள் சொல்லமாட்டோம்.

இந்த வைத்தியம் பிறந்த கதையையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1938இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் முதன்முதலாக ஒரு மூடாத குழாயைக் கட்டி வெற்றி கண்டது ஏழு வயதுச் சிறுமிக்கு. 1944இல் பால்டிமோரில் ஹெலன் டாசிக் என்ற பெண் மருத்துவரின் யோசனைப்படி நடந்த முதல் நீலக் குழந்தை அறுவை சிகிச்சையும் ஒரு பெண் குழந்தைக்குத்தான். 1953இல் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் இருதய நுரையீரல் எந்திரத்தை வைத்து நடுச்சுவர் ஓட்டையைத் தைத்தது பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு. பெண் பிள்ளைகளின் நெஞ்சில் உலகம் கற்றுக்கொண்ட வித்தையை நம் பெண் பிள்ளைகளுக்கு நாம் மறுத்திருக்கிறோம்.

அதுவும் எந்த மண்ணில்? மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புக்கு நடுவே படித்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வந்த முத்துலட்சுமி ரெட்டி பிறந்த மண்ணில். 2011 கணக்கெடுப்பில் ஆயிரம் ஆண்களுக்கு 1,015 பெண்கள் இருந்த மாவட்டத்தில். இந்தப் பெருமைகளை மேடைதோறும் நானும் பேசியிருக்கிறேன். இனி அந்தச் சீட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

ஆசிரியர்களே, மூச்சு வாங்கி மரத்தடியில் உட்காரும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். பெற்றவர்களே, எக்கோ எழுதிக் கொடுத்த சீட்டு எந்த நோட்டிலாவது மடித்துக் கிடக்கிறதா என்று இன்றே தேடுங்கள். கிடைத்தால் இந்த வாரமே பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அக்கம்பக்கத்தாரே, துணைக்கு ஆள் இல்லை என்றால் நீங்கள் போங்கள். என் மாணவியின் குழாயை மூடுவதற்குக் காலம் இருந்தது. அந்தக் காலத்தில் அவளைச் சுற்றி இருந்தவர்கள் நாங்கள்தான்.