குளிர் மட்டுந்தானா?

சென்ற திங்கள் நடைபெற்ற நம் மன்றத்தின் பொதுக்குழுவில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஞாயிறுதோறும் காலை 11 மணிக்கு, விஜய் நகரில் நான் குடியிருக்கும் வீட்டின் மொட்டைமாடியில், அக்கம்பக்கத்துத் தாய்மார்களோடு அமர்ந்து கம்பளிப் பின்னல் பழக நம் புது உறுப்பினர்களுக்கு ஏற்பாடு செய்யவேண்டும். ஊசிக்கும் நூலுக்குமாக மன்றம் ரூ. 2,000 ஒதுக்கவேண்டும். இவ்வளவுதான் தீர்மானம். நான் வாசித்து முடிக்குமுன்பே அவையில் சிரிப்பு எழுந்துவிட்டது. மூத்த அண்ணன் ஒருவர் எழுந்து, "தமிழ் மன்றத்துக்கும் ஸ்வெட்டருக்கும் என்னம்மா தொடர்பு? அடுத்த வாரம் அப்பளம் இடக் கற்றுக்கொடுப்போமா?" என்றார். கைத்தட்டல் அவருக்குத்தான் கிடைத்தது. நேரமாகிவிட்டபடியால் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

எனக்குக் கூட்டத்தில் சட்டென்று விடை சொல்ல வராது. படியிறங்கிப் பாதிவழி வந்த பிறகுதான் நல்ல பதில்களெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஆகவே இதழாசிரியரிடம் இடம் கேட்டுப் பெற்று இதை எழுதுகிறேன். அண்ணன் பொறுத்தருள்க.

என் அறைத்தோழியை உங்களில் பலர் மறந்திருக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மதுரைப் பக்கத்திலிருந்து முதுகலை படிக்க வந்தவள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் வந்து, ஜூலை வெயிலில் பெட்டியும் ஊறுகாய்ப் பாட்டிலுமாய் இறங்கினாள். நன்றாகப் படிப்பாள், பாடுவாள். நம் வரவேற்பு விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடியவள் அவள்தான். ஜனவரி இரண்டாம் வாரம் அதே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டாள். படிப்பை முடிக்கவில்லை.

"பாவம், டில்லிக் குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்றோம் எல்லோரும். நானும் அப்படித்தான் சொன்னேன். சொல்வதற்கு வசதியான காரணம் அது. குளிரின்மேல் பழி போட்டால் குளிர் வந்து மறுக்கவா போகிறது?

இங்கே குளிர் கடுமைதான். இல்லை என்று யார் சொன்னார்கள்? ஜனவரி இரவுகளில் 4, 5 டிகிரிக்கு இறங்கும். எங்கள் அறை மூன்றாம் மாடியில் தனியாக நிற்கும் பர்சாத்தி. நாற்புறமும் காற்று. சன்னல் இடுக்குகளில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்தோம். குழாய்த் தண்ணீரில் பாத்திரம் கழுவினால் விரல்கள் யாருடையவையோ போலாகிவிடும். ஆனால் அவளிடம் மூன்று ஸ்வெட்டர்கள் இருந்தன. கனத்த ரஜாய் இருந்தது. கம்பிச் சூடேற்றி இருந்தது. இல்லாதது வேறு. மாலை ஐந்தரைக்கு இருட்டிவிடும். அதன்பின் மறுநாள் காலை பத்து மணிவரை அவளோடு பேச ஓர் உயிர் இல்லை. நான் நூலகத்தில் இருப்பேன், வந்ததும் உறங்கிவிடுவேன். பகலில் பால்காரர் "எத்தனை?" என்பார், இவள் விரலைக் காட்டுவாள். ஆறு மாதத்தில் அந்தத் தெருவில் அவள் பேசிய பேச்சு அவ்வளவே. கைப்பேசியில் அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசுவாள். பேசி முடித்ததும் அறை முன்னிலும் வெறிச்சென்றிருக்கும். கிளம்புகிற நாளில் அவளே சொன்னாள்: "அக்கா, ஆறு மாசமா ஸ்டேஷன்ல உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்துச்சு."

நாம் அவளுக்கு என்ன கொடுத்தோம்? இட்லி எங்கே கிடைக்கும் என்று சொன்னோம். மலை மந்திருக்குப் போகும் வழி சொன்னோம். பொங்கல் விழாவில் கோலம் போட அழைத்தோம். இவையெல்லாம் நல்லவைதாம், நான் குறை கூறவில்லை. ஆயினும் இவை யாவும் மாதத்தில் ஒருநாள் சங்கதி. மிச்சமுள்ள இருபத்தொன்பது நாளும் அவள் வாழவேண்டியது விஜய் நகர்த் தெருவில். அந்தத் தெருவோடு அவளுக்கு ஓர் உறவு உண்டாக நம் மன்றமோ, அவளோடு ஒரே அறையில் இருந்த நானோ ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடவில்லை. இதை எழுதுவதற்கு எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அவள் போன மறுவாரம் அறையில் இருக்கப் பிடிக்காமல் புத்தகத்தோடு மாடி முற்றத்துக்குப் போனேன். வெயில் வந்திருந்தது. டில்லியின் குளிர்கால வெயிலுக்கு நிகரான ஒன்று நம் ஊரில் இல்லை. நாம் வெயிலுக்கு ஒதுங்குகிறவர்கள். இவர்கள் வெயிலைக் கண்டால் பாய் விரிக்கிறவர்கள். கட்டில் போட்டு, நிலக்கடலை உரித்து, வெந்தயக்கீரை ஆய்ந்து, கையில் பின்னலோடு நான்கைந்து பெண்கள் அமர்ந்திருந்தனர். நடுவில் கீழ்வீட்டுப் பெரியம்மையார். எல்லோருக்கும் அவர் பீஜி. என்னைக் கண்டதும், "உன்னோடு இருந்த பெண் எங்கே, புத்தர்?" என்று கேட்டார். புத்தர் என்றால் பஞ்சாபியில் குழந்தாய் என்று பொருள். ஞானம் பெற்றவர் என்று முதலில் நினைத்துக்கொண்டு விழித்தேன். போய்விட்டாள் என்றேன். "ஒருநாளாவது மேலே வந்து உட்கார்ந்திருக்கலாமே" என்றார். பிறகு நகர்ந்து இடம் கொடுத்தார்.

அன்று தொடங்கியதுதான் என் பின்னல் கல்வி. முதற் பத்து நாட்கள் நான் பட்ட பாட்டை விரித்தால் இதழ் போதாது. ஊசியில் கண்ணி ஏற்றுவது எளிது என்று நினைத்தேன். இறுக்கி ஏற்றிவிட்டதால் மறு ஊசி உள்ளே நுழையவே இல்லை. தளர்த்தினால் கண்ணி கழன்று, ஏணிப்படி போலக் கீழே வரை ஓடியது. நூலைப் பின்னால் வைத்து எடுத்தால் ஸீதா, முன்னால் கொண்டுவந்து எடுத்தால் உல்டா. ஸ்வெட்டர் உலகமே இந்த இரண்டு அசைவில் அடக்கம். ஒன்று ஸீதா, ஒன்று உல்டா என்று மாற்றி மாற்றிப் பின்னினால் இழுபடும் விளிம்பு கிடைக்கும். அதற்குப் பத்தாம் எண் ஊசி; உடம்புப் பகுதிக்கு எட்டாம் எண். எண் ஏற ஏற ஊசி மெலியும். இந்தக் கணக்கே முதலில் எனக்குத் தலைகீழாகப்பட்டது. பீஜியிடம் அளவுநாடா கிடையாது. என் முதுகைச் சாணால் அளந்து, "96 கண்ணி" என்றார். அது பொய்க்கவில்லை.

சிறுவயதில் என் அம்மா ஒயர்க் கூடை பின்னுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். நம் ஊர்த் திண்ணைகளில் பெண்கள் கூடையும் பின்னிக் கதையும் பின்னுவார்கள். கை ஒரு வேலையில் இருந்தால் வாய்க்குக் கூச்சம் போய்விடும். இடைவெளி விட்டுப் பேசலாம், பேசாமலும் இருக்கலாம், யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். மொழி தெரியாதவளுக்கு இது எத்துணைப் பெரிய வசதி என்று அந்த மாடியில்தான் உணர்ந்தேன். எனக்குத் தெரிந்த இந்தி அந்நாளில் பன்னிரண்டு சொற்கள். அவற்றில் ஐந்து எண்கள். பின்னலுக்கு எண்கள்தாமே வேண்டும்!

இந்த இடத்தில் சில நண்பர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். 1965-ஆம் ஆண்டை மறந்தாயோ என்பார்கள். மறக்கவில்லை. அரசாணையால் ஒரு மொழியைத் தலையில் கட்டுவதை இன்றும் எதிர்ப்பவள்தான் நான். ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கண்ணி விழுந்துவிட்டது என்று சொல்லக் கற்பதும் அதுவும் ஒன்றாகுமா? பீஜிக்கே இந்தி தாய்மொழியன்று. "நானும் இங்கே வந்து கற்றதுதான், புத்தர். பேசும்போது இன்னும் தப்பு வரும்" என்று சிரிப்பார்.

ஆம், அவரும் வந்தவர்தாம். 1947-இல் ஆறு வயதுச் சிறுமியாய் லாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து, நம் பல்கலைக்கழகத்துக்கு அருகிலேயே இருந்த கிங்ஸ்வே முகாமில் தங்கிய குடும்பம். பிரிவினையில் வீடிழந்தவர்களுக்காக டில்லியில் அமைந்த பெரிய முகாம் அது. இன்று குரு தேக் பகதூர் நகர் என்று மெட்ரோவில் கேட்கிறோமே, அந்தப் பகுதிதான். நம்மில் பாதிப்பேர் அங்கே அறை எடுத்திருக்கிறோம். அது என்ன இடம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. முதற் குளிர்காலத்தில் குடும்பத்துக்கு ஒரே ஒரு கம்பளிச் சட்டை, தந்தையுடையது. அவருடைய தாயார் அதை அவிழ்த்து, வெந்நீரில் நனைத்து, சுருள் நிமிர உலர்த்தி, இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு சட்டையாகப் பின்னினாராம். நூல் இருந்தது, ஊசி இல்லை. அடுத்த கூடாரத்தில் இருந்தவர்கள் வேறு ஊர், முன்பின் அறியாதவர்கள். அங்கே போய் ஊசி கடன் கேட்டார். "அம்மா கேட்பதற்கு வெட்கப்பட்டாள். மூன்று நாள் யோசித்தாள்" என்றார் பீஜி. அந்தக் கூடாரத்துப் பெண்தான் பின்னர் பீஜியின் திருமணத்தை முன்னின்று நடத்தியவர்.

இதைக் கேட்டபோது என் அறைத்தோழியை நினைத்தேன். அவளுக்கு எல்லாவற்றையும் நாம் கொண்டுபோய்க் கொடுத்தோம். யாரிடமும் எதையும் கேட்கவேண்டிய நிலை அவளுக்கு வரவே இல்லை. புது இடத்தில் ஒருத்தி ஊன்றுவதற்கு, அவ்விடத்து மனிதரிடம் ஒரு சிறு பொருளையோ ஒரு சிறு கலையையோ கேட்டுப் பெறவேண்டும் என்பது என் கருத்து. கொடுத்தவர் நாளை "என்ன, முடிந்ததா?" என்று கேட்பாரல்லவா? அந்தக் கேள்விக்காகத்தான் சொல்கிறேன்.

இனி அண்ணனின் வினாவுக்கு வருகிறேன். கம்பளிப் பின்னல் தமிழர் கலையா? அன்று. பஞ்சாபியர் பழங்கலையும் அன்று. இரண்டு ஊசிப் பின்னல் இந்நாட்டில் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மிஷனரிகள் வழியாகப் பரவியது. கற்றுக்கொண்டவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். 1962-இல் சீனப் போர் மூண்டபோது நாடெங்கும் பெண்கள் எல்லை வீரர்களுக்காக இரவு பகலாய்ப் பின்னியது இந்த ஊசிகளால்தான்.

லூதியானா இயந்திரச் சட்டை மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். உண்மை. என் ஸ்வெட்டருக்கு நூல் மட்டுமே ரூ. 600 ஆயிற்று, கமலா நகரில் அந்தப் பணத்துக்குத் தைத்த சட்டையே வாங்கலாம். சிக்கனத்துக்காக யாரும் வரவேண்டாம். யூடியூபில் கற்கலாமே என்பார்கள். கற்கலாம், அறைக்குள் தனியாக அமர்ந்து. அதைத்தானே வேண்டாம் என்கிறேன்!

ஆண்கள் வரலாமா என்று ஒருவர் கேலியாகக் கேட்டார். நாகப்பட்டினத்துத் தம்பி ஒருவர் சென்ற பிப்ரவரியில் எதற்கோ என்னைத் தேடி மாடிக்கு வந்தார். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், ஊசியை வாங்கி நான்கு வரிசை போட்டுவிட்டார். அவர் வீட்டில் வலை பின்னுவார்கள். "இது வேற முடிச்சுக்கா, ஆனா கண்ணி கண்ணிதானே" என்றார். பத்து நாளில் நான் கற்றதை ஒரு மணியில் கற்றது எனக்குப் பொறாமைதான். பீஜி அவருக்கு ஒரு கைப்பிடிக் கடலை அதிகம் கொடுத்தார்.

மாடிக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். இதே டில்லியில் "மதராஸி சமையல் வாடை" என்று சொல்லி எனக்கு அறை மறுத்த வீட்டுக்காரரும் உண்டு. இங்கேயும் ஓர் அம்மையார் இன்றுவரை என் பெயரைக் கேட்கவில்லை. என்னைக் கண்டால் கட்டிலைச் சற்று இழுத்துப் போட்டுக்கொள்வார். பின்னல் பிடிக்காதவர்கள் கீரை ஆயலாம், கடலை உரிக்கலாம். சும்மா வெயில் காய்ந்தாலும் யாரும் விரட்டமாட்டார்கள்.

ஆகவே தீர்மானத்தை மறுபடியும் வைக்கிறேன், சிறு திருத்தத்தோடு. ரூ. 2,000 வேண்டாம். எட்டாம் எண் ஊசி ஒரு சோடியும் நூல் உருண்டை ஒன்றும் அவரவர் வாங்கிக்கொள்ளலாம். பத்தாம் எண் ஊசியை அங்கே கடன் கேட்கலாம். மன்றம் செய்யவேண்டியது ஒன்றே: இவ்வாண்டு புதிதாக வந்திருக்கும் ஒவ்வொருவரையும் ஒரு மூத்த உறுப்பினர் முதல் ஞாயிறு கையோடு அழைத்துவரவேண்டும். அண்ணனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஜனவரி 13 அன்று அங்கே லோஹ்ரி. தெருவில் நெருப்பு மூட்டி எள்ளும் வெல்லமும் கடலையும் இடுவார்கள். நமக்கு மறுநாள் பொங்கல். எரிப்பதற்குப் பழைய பாய் ஏதேனும் இருந்தால் கொண்டுவாருங்கள், போகியும் ஆயிற்று.

என் தோழிக்கு இதைப் பற்றி எழுதியிருந்தேன். மதுரையிலேயே சேர்ந்து படிக்கிறாள். "அந்த மாடியில் அப்படி ஒரு கூட்டம் இருந்ததா? எனக்கு ஏன் தெரியவில்லை?" என்று கேட்டிருக்கிறாள். இன்னும் விடை எழுதவில்லை.

என் ஸ்வெட்டர் முடிந்துவிட்டது. ஆனால் இடக்கை வலக்கையைவிட இரண்டு விரற்கடை நீளம். மடித்துக்கொள்கிறேன் என்றேன். பீஜி ஒப்பவில்லை, அவிழ் என்கிறார். வருகிற ஞாயிறு அதைத்தான் அவிழ்க்கப்போகிறேன். நூலை உருண்டையாகச் சுற்ற எதிரில் ஒருவர் வேண்டும்.