ஏசி வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது பிள்ளைகளா!



பங்குனி பிறந்ததும் எனக்கு வருகிற போன்களில் பாதி ஏசியைப் பற்றித்தான். "டீச்சர், அம்மா ரூமில் ஏசி போட்டுக் கொடுத்துட்டேன், இந்த வருஷம் கவலை இல்லை" என்று பெங்களூரிலிருந்து ஒருவன் சொல்வான். அதே வாரத்தில் அவன் அம்மா கூப்பிட்டு, "சர்வீஸுக்கு வந்த தம்பி கேஸ் இல்லைன்னு சொல்லி 3,500 கேக்குறான், குடுக்கலாமா டீச்சர்?" என்பார். இரண்டையும் சேர்த்துப் பார்த்துதான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்து இதுதான். பெற்றோருக்கு ஏசி வாங்கிக் கொடுப்பது பாதிக் கடமை. அதைப் பராமரிக்கும் செலவையும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்வது மீதிப் பாதி. நம்மில் பலர் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறோம்.

கணக்கு டீச்சர் அல்லவா, முதலில் கணக்கைப் பார்ப்போம். எங்கள் திருச்சிப் பக்கத்து விலையைச் சொல்கிறேன். உங்கள் ஊரில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். ஒரு ஸ்பிளிட் ஏசிக்கு ஒரு தடவை தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்ய 600 முதல் 800 ரூபாய். வருடத்துக்கு இரண்டு தடவை, சராசரி 700 என்றால் 1,400. பத்து வருடத்துக்கு 14,000. இடையில் ஒரு தடவை கசிவை அடைத்து கேஸ் நிரப்ப 4,000. ஒரு கெப்பாசிட்டர் 700. ஒரு தடவை போர்டு போனால் 5,000. மொத்தம் 23,700. ஏறக்குறைய 24,000 என்று வையுங்கள். பத்து வருடத்துக்கு 120 மாதம். வகுத்தால் மாதம் 200 ரூபாய்.

40,000 ரூபாய் கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாதம் 200 ரூபாய் என்பது பெரிய தொகை இல்லை. ஆனால் ஓய்வூதியமோ, அப்பா விட்டுப்போன சேமிப்போ வைத்துக் குடும்பம் நடத்தும் அம்மாவுக்கு அது மாதா மாதம் வராது. ஏப்ரல் மாதம் திடீரென்று 3,500 என்று வந்து நிற்கும். அப்போது அவர் என்ன செய்வார்? "எனக்கு ஃபேன் போதும்" என்று சொல்லி ஏசியை நிறுத்திவிடுவார். கத்திரி வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில், 70 வயதில். உங்களிடம் போனில் "ஜில்லுன்னு இருக்குப்பா" என்றுதான் சொல்வார்.

அடுத்து இந்த கேஸ் விஷயம். ஒரு கேள்வி கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். உங்கள் வீட்டு பிரிட்ஜுக்கு வருடா வருடம் கேஸ் அடைக்கிறீர்களா? இல்லையே! ஏசியும் அதே தத்துவம்தான். உள்ளே இருக்கும் வாயு வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் வாயுவாகவும் மாறி மாறிச் சுற்றி வருகிறது. அறையின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய் வெளியே விடுகிறது, அவ்வளவுதான். அது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் அடைப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. அடுத்த வருடம் மறுபடியும் 3,500.

இன்னொன்றும் கவனியுங்கள். குளிர்ச்சி குறைந்தாலே கேஸ் இல்லை என்று பொருள் இல்லை. ஃபில்டரில் தூசி அடைத்திருந்தாலும் குளிர்ச்சி குறையும், உள்ளே ஐஸ் கூடக் கட்டும். வெளி யூனிட்டின் கம்பிகளுக்கிடையே தூசி படிந்தால் வெப்பம் வெளியேறாது. அப்போதும் குளிராது, கரண்டும் கூடுதலாகப் போகும். ஆகவே முதலில் சுத்தம், பிறகு சோதனை, கடைசியில்தான் கேஸ். யாராவது வந்தவுடனே கேஸ் என்று ஆரம்பித்தால், "மீட்டர் வச்சுக் காட்டுங்க தம்பி, எங்க லீக்னு சோப்புத் தண்ணி வச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். புதிதாக நிரப்பும்போது குழாயை வேக்யூம் செய்கிறாரா, யூனிட்டில் எழுதியிருக்கும் அளவுக்கு எடை போட்டு நிரப்புகிறாரா என்று பாருங்கள். இப்போதைய ஏசிகள் பலவற்றில் இருக்கும் ஆர்-32 தீப்பற்றக்கூடிய வாயு. அதை விவரம் தெரிந்தவர்தான் தொட வேண்டும்.

இதைச் சொன்னதும் "மெக்கானிக் எல்லாரும் ஏமாத்துறாங்க டீச்சர்" என்று கிளம்பிவிடாதீர்கள். அதை நான் ஏற்கமாட்டேன். என்னிடம் படித்த பிள்ளைகளிலேயே மூன்று பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள். மூன்றாவது மாடிச் சுவரில், பெல்ட் கூட இல்லாமல், ஒரு காலை ஜன்னல் விளிம்பில் வைத்து அவர்கள் வெளி யூனிட்டைக் கழுவுவதைப் பார்த்தால் வயிறு கலங்கும். அப்படிப்பட்டவரிடம் 700 ரூபாயை 400 ஆக்கப் பேரம் பேசுகிறோம். "399 ரூபாய்க்கு சர்வீஸ்" என்று விளம்பரம் வந்தால் ஓடிப்போய்ப் பதிகிறோம். பெட்ரோல், ஒன்றரை மணி நேர உழைப்பு, உதவியாளர் கூலி, அனுப்பிய கம்பெனிக்குப் பங்கு எல்லாம் 399-இல் எப்படி அடங்கும்? அடங்காது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் கேஸ் வருகிறது. சுத்தம் செய்யும் வேலைக்கு நியாயமான கூலி கொடுத்தால், தேவையில்லாத கேஸை விற்க வேண்டிய அவசியம் பாதி குறையும். நேர்மையான உழைப்புக்குக் கூலி கொடுங்கள், ஆதாரம் இல்லாத கேஸுக்குக் கொடுக்காதீர்கள். மாடியில் வேலை என்றால் பெல்ட் போட்டுத்தான் ஏற வேண்டும் என்று வீட்டுக்காரர் நாமே சொல்ல வேண்டும்.

வருடாந்தர ஒப்பந்தம் போடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம், ஆனால் தாளைப் படித்துவிட்டுப் போடுங்கள். சிலவற்றில் சர்வீஸ் மட்டும்தான், உதிரி பாகத்துக்குத் தனிப் பணம். சிலவற்றில் பாகமும் கேஸும் அடக்கம், தொகை அதிகம். புது ஏசிக்கு இரண்டாவது வகை பெரும்பாலும் வீண். வாரண்டி இருக்கும் காலத்தில் அதே பாகத்துக்கு ஏன் இரண்டு தடவை பணம் கட்ட வேண்டும்?

கரண்டு பில்லையும் மறக்க வேண்டாம். 24 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனையும் மெதுவாக ஓடவிடுங்கள். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் ஏறக்குறைய 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிறது. நம் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும். அழுக்கு ஏசி ஒன்று போதும், அந்தக் கோட்டைத் தாண்ட வைக்க.

கடைசியாக மிக முக்கியமான ஒன்று. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழற்றி, வெறும் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். ஐந்து நிமிட வேலை, செலவு இல்லை. ஆனால் ஏசி ஏழடி உயரத்தில் இருக்கிறது. உங்கள் அம்மா அதற்காக பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறக் கூடாது. இடுப்பு எலும்பு முறிந்தால் ஆகும் செலவில் நாலு ஏசி வாங்கலாம், பழைய நடை திரும்பி வருமா? பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சொல்லிவையுங்கள். ஊருக்கு வரும்போது நீங்களே செய்யுங்கள். பேரப்பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள்.

ஆகவே வீட்டுப்பாடம் மூன்று. ஒன்று, அம்மா அப்பாவுக்கு அனுப்பும் பணத்தோடு ஏசிக்கென்று மாதம் 200 தனியாக அனுப்புங்கள், பெயர் சொல்லியே அனுப்புங்கள். இரண்டு, மாசி மாதத்திலும் ஐப்பசியிலும் சர்வீஸுக்கு நீங்களே பதிந்து, மெக்கானிக்கிடம் நீங்களே போனில் பேசுங்கள். மூன்று, சர்வீஸ் தேதியையும் கொடுத்த தொகையையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். போன வருடம் கேஸ் அடைத்தது நோட்டில் இருந்தால், இந்த வருடம் மறுபடி கேட்பவர் பதில் சொல்லியாக வேண்டும்.

செய்துவிட்டு கமெண்டில் சொல்லுங்கள், டிக் போடுகிறேன். மெக்கானிக் பிள்ளைகளே, நான் சொன்னதில் திருத்தம் இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

வாழ்க வளமுடன்!
உங்கள் டீச்சர்